ஊருணியும் ஓடும்: தேயிலைத் தோட்ட இலக்கியத்தில் உதவும் கரமும் தன்மதிப்பும்

முன்னுரை

மலேசியத் தமிழிலக்கியத்தில் தோட்டப்புறம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரப்பர்த் தோட்டமேயாகும். பால்மரமும் வெட்டுக்கத்தியும் பெரட்டுக்களமும் லயமும் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதை, நாவல்களின் நிலைத்த படிமங்களாக அமைந்துவிட்டன. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு தொடங்கி உருவான தேயிலைத் தோட்டங்களும் தமிழர் உழைப்பால் எழுந்தவையே. எனினும், அம்மலைச் சரிவுகளின் வாழ்வு இரப்பர்க் காட்டின் வாழ்வைப்போல் இலக்கியத்தில் விரிவான இடம்பெறவில்லை. திறனாய்வாளர் கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை.

இவ்விரு வகைத் தோட்டங்களையும் பற்றிய எழுத்தை ஒருசேர நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகின்றது. தோட்டத் தொழிலாளர் அங்கே பெரும்பாலும் துன்புறுவோராகவும், பிறரது உதவியை எதிர்நோக்கி நிற்போராகவும் காட்டப்படுகின்றனர். அவர்கள் உதவி செய்வோராகத் தோன்றும் இடங்கள் குறைவு. அவ்வாறு தோன்றும் இடங்களையும் நாம் கடந்து சென்றுவிடுகிறோம். ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எவ்வாறு எண்ணிக்கொள்கிறது என்பதில் இலக்கியத்திற்கும், அவ்விலக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பங்குண்டு. ஆதலின் இதனைச் சிறிய குறையாகக் கருதி ஒதுக்க இயலாது.

பிறருக்கு உதவுவதன்வழி ஒருவர் தம் மதிப்பை உணர்கிறார் என்னும் கருத்து இன்று நன்னெறிப் பாடத்திலும் தன்முன்னேற்ற நூல்களிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. அக்கருத்து உண்மையே. ஆயினும், எத்தகைய உதவி, யார் நிலையில் நின்று செய்யும் உதவி என்னும் வினாக்களை எழுப்பாமல் அதனை அப்படியே ஏற்பது பொருந்தாது. இவ்வினாக்களை முன்வைத்து, பழந்தமிழ் நூல்கள் இரண்டின் துணையோடு தேயிலைத் தோட்ட இலக்கியத்தையும் கேமரன் மலை வாழ்வையும் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புரவும் ஈகையும்

திருக்குறள் உதவுதலை ஒரே அதிகாரத்தில் கூறி முடித்துவிடவில்லை. 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே பொருள் கொண்டுள்ளனர். ஈகையில் இல்லாதவர் ஒருபுறமும் உடையவர் மறுபுறமும் நிற்கின்றனர். ஒப்புரவோ உலக நடையறிந்து, தம்மைச் சூழ்ந்தோரைத் தம்மோடு ஒப்பக் கருதி ஒழுகுதல்.

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கையாளும் உவமைகள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்துகின்றன. ஊரார் நீருண்ணும் ஊருணி, ஊர் நடுவே பழுத்த பயன்மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகிய மூன்றையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். இவற்றுள் எதுவும் வெளியிலிருந்து ஊருக்கு வந்ததன்று. ஊரின் மழையால் நிறைவது ஊருணி. ஊரின் மண்ணில் வேரூன்றியது மரம். கொடுக்கும் பொருளும் பெறுகின்ற மக்களும் ஒரே நிலத்துக்கு உரியவர்கள். ஆகவே, அங்கே பெறுதல் இழிவாவதில்லை.

மேலும் இரு கருத்துகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. ஒப்புரவாளன் வறியவன் ஆவது பொருள் குறைவதால் அன்று, செய்யவேண்டிய உதவியைச் செய்ய இயலாது வருந்தும்போதுதான் என்கிறது அவ்வதிகாரம். வறுமைக்கு வள்ளுவர் தரும் இவ்விலக்கணம் வியப்புக்குரியது. இதன்படி, பத்து வெள்ளி மட்டுமே உள்ளவனும் அதில் ஒரு பகுதியை அண்டை வீட்டாருக்கு அளிக்க முடிந்தால் வறியவன் ஆகான். ஈகை அதிகாரமோ, நல்ல நெறியே என்று பிறர் கூறினும் ஏற்றல் தீது என்கிறது. பிறரிடம் பெறுவோராகவே ஒருவரை நிலைநிறுத்துவது அவரது மதிப்பைக் குறைக்கும் என்பதை வள்ளுவர் தெளிவாக உணர்ந்திருந்தார் என நாம் கொள்ளலாம்.

ஆபுத்திரனின் ஓடு

உதவுதலும் தன்மதிப்பும் பற்றிய தமிழின் மிக ஆழ்ந்த கதை மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறாகும். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு, ஏழு நாள் பசுவின் பாலால் உயிர் பிழைத்து, வேள்விக்குரிய பசுவை விடுவித்தமையால் வளர்த்தவராலும் ஊராராலும் விலக்கப்பட்டவன் அவன். குலமும் குடியும் இல்லை என்று இகழப்பட்ட அவன், மதுரையை அடைந்து வீடுதோறும் பிச்சையேற்கிறான். ஏற்றதைக் கண்ணிலார்க்கும் காதிலார்க்கும் காலிழந்தோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்து உறங்குகிறான். இழிந்தவன் என்று உலகம் ஒதுக்கிய ஒருவன் தன் மதிப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும் காட்சி இது. அவன் வறுமை நீங்கவில்லை; ஆனால், அவனை நாடி வருவோர் உளர்.

பின்னர்ச் சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபியை அளிக்கிறாள். அதன்பின் அவன் எவரிடமும் ஏற்கவேண்டியதில்லை. இந்திரன் சூழ்ச்சியால் பாண்டிநாடு மழைவளம் பெற்றுச் செழிக்கவே, அவனிடம் ஏற்பாரும் இல்லாமற் போகின்றனர். பசித்தோரைத் தேடி அலைந்த அவன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். வழியில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். பலரை ஊட்டும் கலத்தைக்கொண்டு தன்னுயிர் மட்டும் ஓம்புவதற்கு மனம் ஒப்பாது, கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பால் உயிர் துறக்கிறான்.

இக்கதை தியாகத்தின் சிறப்பைக் கூறுவதாகவே பொதுவாகக் கற்பிக்கப்படுகின்றது. நாம் இதில் ஓர் எச்சரிக்கையையும் காண்கிறோம். பிச்சை ஓட்டை ஏந்தி ஏற்றும் ஈந்தும் வாழ்ந்த காலத்தில் ஆபுத்திரன் ஊரின் உறவுச் சுழலுக்குள் இருந்தான். அமுதசுரபி அவனைக் கொடுப்போனாக மட்டுமே ஆக்கியது. பிறர் பசி இருக்கும்வரைதான் தன் வாழ்வுக்குப் பொருள் என்னும் நிலைக்கு அவன் வந்துசேர்ந்தான். நாடு செழித்தபோது அவன் மகிழ்ந்திருக்கவேண்டும். மாறாக, வேலையற்றவனாய் அலைந்தான்.

அதே கலம் மணிமேகலையின் கைக்கு வரும்போது காப்பியம் ஒரு நுட்பமான மாற்றத்தைச் செய்கின்றது. அமுதசுரபி பயன்தரவேண்டுமாயின் முதற்பிச்சை அதில் இடப்படல் வேண்டும். மணிமேகலை ஆதிரையின் இல்லத்தின்முன் கலமேந்தி நிற்கிறாள். ஆதிரை இட்ட பின்னரே அது சுரக்கின்றது. ஊருக்கெல்லாம் உணவளிக்கும் கலமும் முதலில் ஏற்கவேண்டியிருந்தது. ஏற்கவும் ஈயவும் ஒருங்கே அறிந்த நிலையில்தான் உதவுவோனின் மதிப்பு நிலைபெறும் என்பது இப்பகுதியிலிருந்து நாம் பெறும் கருத்தாகும்.

தேயிலை இலக்கியத்தில் உதவுவோர்

இவ்வளவுகோலைக் கொண்டு தேயிலைத் தோட்டம் பற்றிய ஆக்கங்களை நோக்குவோம். ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிலாளர் சங்கம் அமைக்கும் பணியிலும் ஈடுபட்டவர் பி.எச். டேனியல். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனைத் தமிழாக்கி 2007இல் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் வெளியிட்டார். மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறிய கருப்பன், வள்ளி ஆகிய இணையரின் கதையின்வழி, முன்பணக் கடன், கொள்ளைநோய், அடி, அவமானம் ஆகியவற்றால் ஆன ஒரு முறைமையையே இந்நாவல் வெளிப்படுத்துகின்றது. அவ்வகையில் இதன் வரலாற்று மதிப்பு பெரிது.

ஆயினும், நாவலில் மாற்றத்தின் அறிகுறி மனச்சான்றுள்ள ஒரு மருத்துவரின் வருகையோடுதான் தோன்றுகின்றது. ஆசிரியரே மருத்துவராக இருந்து உதவியவர் என்பதால் இஃது இயல்பே. இந்நாவலைத் தழுவி இயக்குநர் பாலா உருவாக்கிய 'பரதேசி' (2013) திரைப்படம், அம்மருத்துவரை மதமாற்ற நோக்குடையவராகச் சித்திரித்துக் கண்டனத்துக்கு உள்ளானது. உதவுவோரின் குணம் இரு ஆக்கங்களிலும் நேர்மாறாக அமைகின்றது. இரண்டிலும் மாறாதிருப்பது தொழிலாளியின் இடம். நல்லவர் வந்தால் அவன் நலம் பெறுகிறான். அல்லாதவர் வந்தால் ஏமாற்றப்படுகிறான். இரு நிலையிலும் அவன் பெறுவோனே. அத்திரைப்படம் பற்றிய விவாதம் மருத்துவரின் பெருமையைக் காப்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்தியது. தொழிலாளியின் இடத்தைப் பற்றியும் கேட்டிருக்கவேண்டும்.

இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) வேறொரு வழியைக் காட்டுகிறார். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தேயிலைச் செடிக்குத் தம் உடலையே உரமாக்கி மடிந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல்லும் இல்லையே என்னும் ஏக்கம் அக்கவிதையின் உயிர்நாடி. அவலத்தைப் பாடும்போதும் அவர் தொழிலாளியைக் கொடுத்தவனாகவே காண்கிறார். நாடு அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது என்னும் தொனி அங்கே உண்டு. இரக்கத்தைத் தூண்டும் எழுத்துக்கும் கடப்பாட்டை உணர்த்தும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஆக்கங்களுள் உலக அளவில் பெரிதும் அறியப்பட்டது, மலேசிய எழுத்தாளர் தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' (2012) நாவல். போரின் காயங்களைச் சுமந்த ஒரு பெண்ணின் நினைவும் மறதியும் அதன் பொருள். தேயிலைத் தோட்ட உரிமையாளரும் சப்பானியத் தோட்டக்கலைஞரும் அதில் நிறைவான பாத்திரங்களாக உருப்பெறுகின்றனர். அத்தோட்டத்தில் கொழுந்து கிள்ளுவோர் நிலக்காட்சியின் பகுதியாக நின்றுவிடுகின்றனர். நாவலின் நோக்கம் வேறு. ஆதலின் இதனைக் குற்றமாகக் கூறவில்லை. ஆனால், நாம் எழுதாத கதையைப் பிறர் எழுதும்போது நாம் பின்புலமாவது தவிர்க்க இயலாதது.

மலைச்சரிவில் அமைந்த உறவுகள்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டுநிலத்தைக் கண்டறிந்து பதிவுசெய்தார். ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது. போ தோட்டத்தின் தொடக்கத்தைக் கூறுவோர் ஒற்றை நீராவி உருளையையும் கோவேறு கழுதைகளையும் தவறாது குறிப்பிடுவர். காட்டைத் திருத்திச் செடி நட்ட கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் அவ்வாறு நிலைபெறவில்லை.

ஆங்கிலேயர் தோட்டங்களில் தமிழர் வாழ்வு துரை, கிராணி, கங்காணி, மண்டோர் என்னும் அடுக்குகளின்கீழ் அமைந்தது. வீடு, தண்ணீர், மருந்து, கூலி அனைத்தும் மேலிருந்து வந்தன. ஒருவரைத் தம் மதிப்பை மறக்கச் செய்வதற்கு இத்தகைய அமைப்பே போதுமானது. எனினும், அதற்குள்ளேயே வேறோர் அமைப்பும் இயங்கியது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் லயமே தன் அடுப்பை மறந்து அவ்வீட்டுக்குச் சென்றது. பாடை கட்டுவது முதல் காரியம்வரை செலவு பங்கிடப்பட்டது. வேலைக்குப் போகும் தாயரின் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் ஒரு மூதாட்டி பார்த்துக்கொண்டார். எழுத்தறிந்த ஓர் இளைஞர் பலருடைய கடிதங்களை எழுதிக் கொடுத்தார். வந்த கடிதங்களைப் படித்தும் காட்டினார். 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமாகி, பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்த நாளில், ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பிழையின்றி நிரப்பத் தெரிந்தவர் ஒரு குடும்பத்தின் வாழ்வையே காத்தவரானார்.

இவ்வுதவிகளைச் செய்தோர் செல்வர் அல்லர். இன்று உதவியவர் நாளை உதவி பெற்றார். வள்ளுவரின் ஊருணி உவமை இதற்கு முற்றும் பொருந்துகின்றது. லயத்து மூதாட்டியின் மதிப்பு அவர் கூலியால் அளக்கப்படவில்லை. எத்தனை பிள்ளைகள் அவர் மடியில் வளர்ந்தனர் என்பதே அவருக்குரிய அளவாக இருந்தது.

இவ்வுணர்வு அமைப்பாகத் திரண்ட இரு நிகழ்வுகளை இந்நாட்டு வரலாறு காட்டுகின்றது. முதலாவது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை. அரைநூறாண்டுக்கும் மேலாகத் தோட்டத்துக் கூலியை விழுங்கிய கள்ளுக்கு எதிராகத் தொழிலாளரே சீருடை அணிந்து அணிவகுத்தனர். 1947இல் பீடோங் வட்டாரத்தில் அவர்கள் காவல்துறையினரின் அடக்குமுறைக்கு உள்ளாயினர். பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தபோது பேசிய தன்மானம் தோட்டத்துக்குள் செயல்வடிவம் பெற்றதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். 'தொண்டர்' என்னும் பெயரும் கருதத்தக்கது. கூலி என்று அழைக்கப்பட்டவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அது.

இரண்டாவது, தோட்டத் துண்டாடல் தொழிலாளரை வீதிக்கு விரட்டிய நாளில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெறத் தொழிலாளருக்கு வழி செய்யப்பட்டது. சம்பந்தனின் தலைமையை நாம் உரியவாறு போற்றுகிறோம். குறைந்த கூலியிலிருந்து மாதந்தோறும் 10 வெள்ளியை எடுத்துவைத்து, தாம் பார்த்திராத ஒரு தோட்டத்தை வாங்க உதவிய தொழிலாளியையும் அவ்வாறே போற்றுதல் வேண்டும். கெடாவில் வாங்கப்பட்ட புக்கிட் சீடிம் தோட்டம் அத்தகையோரின் கொடையால் காக்கப்பட்டது.

ஒரு மறுப்பும் விடையும்

தோட்ட மக்களின் உதவும் பண்பை உயர்த்திப் பேசுவது அவர்களது வறுமைக்கு அழகூட்டுவதாகாதா என்று வினவலாம். முதலாளியும் அரசும் செய்யவேண்டியதை ஏழைகள் தமக்குள் செய்துகொண்டதைப் புகழ்வது, செய்யத் தவறியோரின் பொறுப்பை மறைப்பதாகாதா என்றும் கேட்கலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. குடியிருப்பும் நீரும் மருத்துவமும் தொழிலாளிக்குரிய உரிமைகள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டமும் அவற்றை உதவியாகக் கருதவில்லை. மேலும், உள்ளிருந்து எழும் உதவியும் பழுதுபடக்கூடும். தமிழரின் கூட்டுப்பண முறையில் நேர்ந்த மோசடிகள் பலரை வாட்டின. 1971இல் இயற்றப்பட்ட 'கூட்டு' நிதித் தடைச் சட்டம் அத்தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் தாங்கி நிற்கின்றது.

நாம் கூற விழைவது இதுவே: உரிமை கேட்பவன் முதலில் தன்னை உரிமைக்குரியவனாக உணர்தல் வேண்டும். தான் எதற்கும் பயன்படாதவன் என்று நம்பவைக்கப்பட்டவன் சங்கத்திலும் சேரான், சட்டத்தையும் நாடான். அண்டை வீட்டாரின் துயரில் தன் கை பயன்படுவதைக் கண்டவனுக்கே அவ்வுணர்வு எளிதில் வாய்க்கின்றது. தொண்டர் படையின் வரலாறு இதற்குச் சான்று. கள்ளை ஒழிப்பதற்காகத் திரண்டவர்கள் தம் அண்டைக் குடும்பங்களைக் காக்கவே திரண்டனர். திரண்டபின் நிர்வாகத்தையும் நிமிர்ந்து நோக்கினர்.

திறனாய்வாளரும் ஆசிரியரும்

இன்று கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பெருமளவில் உழைக்கின்றனர். பல இடங்களில் பொறிகளே கொழுந்தை வெட்டுகின்றன. தமிழர்களின் பிள்ளைகள் பலர் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் சமவெளி நகரங்களிலும் வேறு தொழில் புரிகின்றனர். மலைமீதுள்ள தமிழ்ப்பள்ளிகளில் அவர்களது அடுத்த தலைமுறை பயில்கின்றது. அப்பிள்ளைகளிடம் தோட்ட வாழ்வைப் பற்றிய ஒரு சிறுகதையைக் கொடுத்துத் தொழிலாளரின் துன்பங்களைப் பட்டியலிடுக என்று மட்டும் நாம் வினவுவோமாயின், தம் பாட்டன் பாட்டியரை இரங்கத்தக்கவராக மட்டுமே அவர்கள் அறிவர். அக்கதையில் யார் யாருக்கு உதவினார், உதவி பெற்றவர் பின்னர் என்ன செய்தார் என்றும் வினவுதல் வேண்டும். இது சிறிய மாற்றமே. ஆனால், விடை தேடும் மாணவன் தன் முன்னோரை வேறு கண்ணால் காண்பான்.

இதே அளவுகோலை நம் இன்றைய தொண்டுகளுக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும். மேடையில் ஏழை மாணவனை நிறுத்திப் பையும் காலணியும் வழங்கிப் படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. வழங்குவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அப்படத்தில் யாருடைய மதிப்பு உயர்கிறது, யாருடைய மதிப்பு குறைகிறது என்பதையே கேட்கிறோம். அதே மாணவனிடம் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றுக்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அளித்தால், அவன் பெற்ற பையை நாணமின்றித் தோளில் சுமப்பான்.

முடிவுரை

உதவுவதால் தன்மதிப்பு உண்டாகிறது என்பது உண்மை. பிறர் தாழ்ந்திருக்கும்வரை நிலைக்கும் மதிப்பு நிலையற்றது என்பதை ஆபுத்திரனின் முடிவு உணர்த்துகின்றது. ஏற்கவும் ஈயவும் வல்லோராய் ஒரே ஊரில் வாழ்வோர் பெறும் மதிப்பே நிலையானது என்பதை ஒப்புரவறிதல் காட்டுகின்றது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் அத்தகைய மதிப்பு வாழ்ந்தது. அதனை எழுதவேண்டிய இலக்கியம் இன்னும் போதிய அளவில் எழவில்லை. எழுந்தவற்றையும் நாம் அக்கண்கொண்டு படிக்கவில்லை. கேமரன் மலையின் முதியோர் பலர் இன்றும் அந்நாளை நினைவில் வைத்துள்ளனர். அவர்களிடம் சென்று, பட்ட துன்பங்களைக் கேட்பதோடு அமையாது, யாருக்கெல்லாம் உதவினீர்கள் என்றும் கேட்டுப் பதிவுசெய்வது நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.